பிராசஸரா, கிராபிக்ஸ் கார்டா? கல்லாவைத் திறக்கும் முன் கணக்குக் கேளுங்கள்

ஜி.எஸ்.டி. படிவம், தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், பருப்பு விலை என்று எழுதியே பழக்கப்பட்ட நாம், இம்மாதம் விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். வணிக நண்பர்கள் சிலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நம் உறுப்பினர்கள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்டால், இது வேடிக்கையான விஷயம் அல்ல என்பது புரியும். "பையன் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறான். நாற்பதாயிரம் என்கிறான். அது என்ன பொருள் என்றே நமக்கு விளங்கவில்லை" என்று புலம்பாத தகப்பனார்கள் இப்போது குறைவு.

இப்படிக் கேட்கப்படும்போது நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார், தொந்தரவு விட்டால் போதும் என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், "கடையில் வந்து உட்காரத் துப்பில்லை, விளையாட்டுக்கு நாற்பதாயிரமா?" என்று சத்தம் போட்டு விரட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பது நம் கருத்து. ஒரு மூட்டை மிளகாய் வாங்கினால்கூட நான்கு மண்டியில் மாதிரி பார்த்து, ஈரம் பார்த்து, கழிவு கணக்குப் போட்டு வாங்குகிற நாம், வீட்டில் ஒரு பொருள் கேட்கப்படும்போது மட்டும் ஏன் வியாபாரத்தை மறந்துவிட வேண்டும்? கொடுப்பதும் மறுப்பதும் பிறகு. முதலில் கணக்குக் கேட்க வேண்டும். அதற்கு அந்தப் பொருளைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

நாம் படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரைதான். இருந்தாலும் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இருக்கும் நண்பர்களிடமும், விவரம் தெரிந்த பிள்ளைகளிடமும் கேட்டுக் கேட்டு இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டோம். புரிந்துகொண்டபோது ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் இது மளிகைக் கடைக்காரனுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம்தான்!

சிட்டை எழுதுகிறவரும் பொட்டலம் கட்டுகிறவரும்

பண்டிகை நாளில் ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். மேஜையில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுச் சிட்டை எழுதுகிறார். அந்தச் சிட்டையை வாங்கி உள்ளே இருக்கும் பையன்கள் நிறுத்து, அளந்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். கணக்குப்பிள்ளை மணிக்கு 50 சிட்டைதான் எழுத முடியும் என்றால், உள்ளே பத்துப் பையன்கள் இருந்தாலும் மணிக்கு 50 வாடிக்கையாளர்தான் போவார்கள். பையன்கள் கைகட்டி நிற்பார்கள், சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதேபோல் கணக்குப்பிள்ளை மணிக்கு 100 சிட்டை எழுதக்கூடியவர், உள்ளே இருப்பது இரண்டே பையன்கள் என்றால், சிட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்கும். வாடிக்கையாளர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்.

விளையாட்டுக் கம்ப்யூட்டரில் நடப்பதும் இதுவே. பிராசஸர் என்பது சிட்டை எழுதும் கணக்குப்பிள்ளை. விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் சுட்டார்கள், எது விழுந்தது, திரையில் என்னென்ன வரைய வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் பட்டியல் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. கிராபிக்ஸ் கார்டு என்பது பொட்டலம் கட்டும் பையன்கள். பட்டியலை வாங்கி, லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டிப் படமாக்கிக் கொடுப்பது அதன் வேலை.

திரையில் விநாடிக்கு 60 படம் ஓடினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டதில் 16 கூறு சொச்சம். உதாரணத்துக்கு, பட்டியல் போடப் பிராசஸருக்கு 20 கூறும், படம் வரையக் கார்டுக்கு 12 கூறும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தொடர்வேலை. கார்டு ஒரு படத்தை வரைகிறபோதே பிராசஸர் அடுத்ததற்குப் பட்டியல் போடுகிறது. ஆகவே மெதுவாக இருப்பவர் வேகம்தான் கடையின் வேகம். ஆயிரத்தை 20-ஆல் வகுத்தால் 50. விநாடிக்கு 50 படம்தான் வரும். இந்த நிலையில் கார்டை மாற்றி 12 கூறை 6 கூறாகக் குறைத்தாலும் அதே 50-தான். செலவழித்த பணம் அத்தனையும் கைகட்டி நிற்கும்.

பொட்டலத்தின் அளவு

இங்கே இன்னொரு நுணுக்கம் உண்டு. மானிட்டரின் அளவைப் பொறுத்துக் கார்டின் வேலை கூடும் குறையும். ஆனால் பிராசஸரின் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிட்டையில் "அரிசி" என்று எழுத ஒரே நேரம்தான். 5 கிலோ என்றாலும் 25 கிலோ என்றாலும் கணக்குப்பிள்ளைக்கு வித்தியாசம் இல்லை. தூக்குகிற பையனுக்குத்தான் தெரியும்!

சாதாரணமாக எல்லோரும் வைத்திருக்கும் 1920-க்கு 1080 என்ற மானிட்டரில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். அடுத்த அளவான 2560-க்கு 1440 மானிட்டரில் 36,86,400 புள்ளிகள். 4கே என்று சொல்லப்படும் 3840-க்கு 2160 மானிட்டரில் 82,94,400 புள்ளிகள். அதாவது முதல் அளவைப் போல் சரியாக நான்கு பங்கு. ஆகவே பெரிய மானிட்டரில் விளையாடுகிறவனுக்குக் கார்டு முட்டும். சின்ன மானிட்டரில் வேகமான ஆட்டம் ஆடுகிறவனுக்குப் பிராசஸர் முட்டும்.

ஆட்டத்தைப் பொறுத்தும் இது மாறும். வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி ஆட்டங்களில் பிள்ளைகள் படத்தின் அழகைக் குறைத்து வைத்துக்கொண்டு விநாடிக்கு 144 படம், 200 படம் என்று வேகம் தேடுகிறார்கள். அங்கே பிராசஸர்தான் மூச்சு வாங்கும். 2020-ல் வந்த சைபர்பங்க் 2077 போன்ற கதை ஆட்டங்களில் ஒளி, நிழல், கண்ணாடியில் தெரியும் பிம்பம் எல்லாவற்றையும் கூட்டி வைத்தால் கார்டுதான் திணறும். ஆகவே "எந்தக் கார்டு நல்ல கார்டு?" என்று கேட்பது, "எந்த அரிசி நல்ல அரிசி?" என்று கேட்பதைப் போல. பொங்கலுக்கா, பிரியாணிக்கா, இட்லிக்கா என்று திருப்பிக் கேட்கிறவனே வியாபாரி.

பத்து நிமிடச் சோதனை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம் பிள்ளையின் கம்ப்யூட்டரில் முட்டுகிறது யார் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு பைசா செலவில்லை.

முதலில், படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் வசதி ஏதாவது ஆட்டத்தில் போட்டிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். வழக்கமாக விளையாடும் ஆட்டத்தை வழக்கமான அளவில் ஓடவிடச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பாருங்கள். 95-க்கு மேல் நின்றால் பையன்கள் முழு மூச்சாக வேலை செய்கிறார்கள் என்று பொருள். கார்டுதான் முட்டுகிறது. 50, 60 என்று நின்று, ஆட்டமும் திக்கித் திக்கி ஓடினால், கார்டு சிட்டைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பிராசஸரோ ரேமோதான் முட்டுகிறது.

அடுத்து, இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஆட்டத்தின் பட அளவை 1280-க்கு 720 என்று குறைக்கச் சொல்லுங்கள். இப்போது புள்ளிகள் 9,21,600 மட்டுமே. கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடும். படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கார்டை மாற்றலாம். ஏறாமல் அங்கேயே நின்றால், எத்தனை விலையில் கார்டு வாங்கினாலும் அந்த ஆட்டம் அங்கேயேதான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 40 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டும். அதைப் பார்த்து "பிராசஸர் சும்மாதானே இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிராசஸருக்குள் பல கோர்கள் இருக்கின்றன. ஆட்டத்தின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழுகிறது. மற்றவை ஓய்வாக இருப்பதால் சராசரி குறைவாகக் காட்டுகிறது. ஆறு பேர் உள்ள கடையில் கணக்குப்பிள்ளை மட்டும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, மற்ற ஐந்து பேர் சும்மா இருந்தால் கடைக்கு ஆள் மிச்சம் என்றா சொல்வோம்?

இதே காரணத்தால் கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிராசஸர் வாங்குவதும் சரியல்ல. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இரண்டிலும் எட்டு கோர்கள்தான். பின்னதின் ஓட்ட வேகம் கொஞ்சம் குறைவும்கூட. ஆனால் முன்னதில் 32 எம்.பி. இருந்த எல்3 கேஷ் என்ற உள் சேமிப்பு பின்னதில் 96 எம்.பி. அதனாலேயே ஆட்டங்களில் அது முந்தியது. கை எட்டும் தூரத்தில் பெரிய அலமாரி இருந்தால் அடிக்கடி கிடங்குக்கு ஓட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் பிராசஸர் பெயரையும் கார்டு பெயரையும் போட்டால் "இத்தனை சதவீதம் முட்டும்" என்று சொல்லும் கணக்குப் பொறிகள் இருக்கின்றன. எந்த ஆட்டம், எந்த மானிட்டர், எத்தனை படம் என்பதைப் பொறுத்து மாறுகிற விஷயத்துக்கு ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும்? வீட்டில் பெட்டி இருக்கும்போது அதையே சோதித்துப் பார்ப்பது மேல்.

ஒரு நண்பர் வீட்டுக் கதை

பக்கத்து ஊரில் சில்லறை மளிகை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 2017-ல் மகன் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். இன்டெல் ஐ5-7400 பிராசஸர், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கார்டு. நான்கு கோர் உள்ள அந்தப் பிராசஸருக்கு அந்தக் கார்டு பொருத்தமான ஜோடிதான். 2024-ல் பையன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வாங்கினான். ஆட்டம் மானிட்டர் வேகத்துக்கு வரவில்லை. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு போட்டால் வந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். தகப்பனாரும் கொடுத்துவிட்டார். பெட்டியைத் திறந்தால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.-ல் அந்தக் கார்டுக்கு வேண்டிய எட்டு முனை மின் இணைப்பு இல்லை. அதற்கும் பணம். எல்லாம் பொருத்தியபின் கதை ஆட்டங்களில் படம் அழகாக வந்தது. ஆனால் பையன் தினமும் விளையாடும் போட்டி ஆட்டத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. தகப்பனார் "நான் அப்போதே சொன்னேன்" என்றார். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். தகப்பனும் மகனும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

கார்டு மேல் தவறில்லை. அது நல்ல சரக்குதான். இடம்தான் தவறு. விற்றவர் "தம்பி, உள்ளே என்ன பிராசஸர் இருக்கிறது? என்ன ஆட்டம் ஆடுகிறாய்?" என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். பிராசஸரை மாற்றுவது என்றால் சில பெட்டிகளில் பிராசஸர் மட்டும் மாற்றினால் போதும். சில பெட்டிகளில் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். இன்டெல்லின் ஆறாவது, ஏழாவது தலைமுறைக்கான போர்டில் எட்டாவது தலைமுறை ஏறாது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்காவது தலைமுறைகள் எல்.ஜி.ஏ. 1700 என்ற தனிச் சாக்கெட்டில் வருகின்றன. ஆகவே நம் நண்பர் மகனுக்குப் போர்டும் புதிதாக வேண்டும். ஆனால் அதே 2017-ல் ஏ.எம்.டி. ரைசன் வாங்கியவர்களுக்கு ஏ.எம்.4 என்ற சாக்கெட். போர்டைச் செய்த நிறுவனம் அதற்கான பயாஸ் கொடுத்திருந்தால், அதை ஏற்றிக்கொண்டு பழைய போர்டிலேயே 2022-ல் வந்த ரைசன் 5 5600 வரை பொருத்தலாம். உங்கள் போர்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஒரே ஆண்டில் ஒரே மாதிரி விலையில் வாங்கிய இரண்டு பெட்டிகளுக்கு இன்றைக்குச் செலவு இவ்வளவு வித்தியாசப்படுகிறது. அடுத்த வீட்டுப் பையன் செய்ததையே நாமும் செய்வோம் என்பது சரிப்படாது.

நண்பர் மகனுக்கு என்ன செய்திருக்கலாம்? ஐ5-12400எஃப் போன்ற ஆறு கோர் பிராசஸரும், டி.டி.ஆர்.4 ரேம் ஏற்கும் எல்.ஜி.ஏ. 1700 போர்டும் வாங்கியிருந்தால், பழைய டி.டி.ஆர்.4 ரேமையும் பழைய கார்டையும் அப்படியே பயன்படுத்தியிருக்கலாம். போட்டி ஆட்டம் வேகம் பிடித்திருக்கும். கார்டை அடுத்த ஆண்டு வாங்கியிருக்கலாம். செலவை இரண்டு வருடத்துக்குப் பிரித்த மாதிரியும் ஆகியிருக்கும். தவிரவும், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. ஐ5-7400 விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை, 12400எஃப் இருக்கிறது. அந்த வகையிலும் லாபம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் "எஃப்" என்று இருந்தால் அதில் உள்கட்டிய கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் சொல்ல வேண்டும். இன்டெல் நிறுவனம் 2024 டிசம்பரில் ஆர்க் பி580 என்ற கார்டைக் கொண்டுவந்தது. 12 ஜி.பி. நினைவகம், விலையும் சகாயம் என்று பாராட்டினார்கள். 2025 தொடக்கத்தில் பரிசோதித்தவர்கள், அதைப் பழைய பிராசஸரோடு சேர்த்தால் பல ஆட்டங்களில் வேகம் வெகுவாகக் குறைகிறது என்று கண்டார்கள். அந்தக் கார்டின் மென்பொருள் பிராசஸருக்கு அதிக வேலை வைக்கிறது. ஆகவே விலை குறைந்த கார்டு பழைய பெட்டிக்கு ஏற்றது என்பதும் எப்போதும் சரியாக இருப்பதில்லை.

மறந்துபோகிற சில்லறைகள்

பெரிய சரக்கை மட்டும் பார்த்து, சில்லறையை மறந்தால் கணக்குத் தப்பும். கார்டு வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ், எந்த இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட்ஸ் இழுக்கும். அதைப் போட 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 75 வாட்ஸுக்குள் அடங்கும். பெட்டிக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

கார்டின் சொந்த நினைவகமும் ஒரு கணக்கு. 2021-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-ல் 12 ஜி.பி., 2023-ல் வந்த 4060-ல் 8 ஜி.பி. புதியதுதான் வேகம். ஆனால் சில புதிய ஆட்டங்களில் படத்தரத்தைக் கூட்டி வைத்தால் 8 ஜி.பி. நிரம்பிவிடுகிறது. கிடங்கு நிரம்பினால் லாரி தெருவில் நிற்பதுபோல் ஆட்டமும் அங்கங்கே நிற்கும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அது விநாடிக்கு 60 படம்தான் காட்டும். 120 படம் வரவழைக்கச் செலவழிப்பதற்கு முன் அதையும் யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஏதாவது ஒன்று முட்டத்தான் செய்யும். முட்டே இல்லாத கம்ப்யூட்டர் கிடையாது, முட்டே இல்லாத கடையும் கிடையாது. தேவைப்படும் வேகம் வந்துவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஏற்ற இறக்கம்

பருப்பைப் போலவே இந்தச் சரக்குக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. 2021-ல் சிப் தட்டுப்பாடும், கார்டுகளை வைத்து எதீரியம் என்ற மின்காசு எடுக்கும் மோகமும் சேர்ந்துகொண்டு, கார்டுகள் குறித்த விலையைவிடப் பல மடங்கு கூடுதலாக விற்றன. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்தத் தேவை ஒரே நாளில் அற்றுப்போயிற்று. ஓய்வில்லாமல் ஓடிய கார்டுகள் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. 2025 கடைசியில் செயற்கை அறிவுக்கான தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஆகவே கையில் இருக்கும் ரேமைப் பயன்படுத்த முடிகிற போர்டு எது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். பழைய கார்டு வாங்குவதானால், விற்பவர் கண்ணெதிரே ஒரு மணி நேரம் ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்து, பில்லும் சீரியல் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, நம்மூர்க் கடையில் வாங்கினாலும் சரி, பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியாததல்ல.

பில் என்றதும் இன்னொரு விஷயம். இந்தப் பொருள்களுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கடை ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு இன்புட் கிரெடிட் எடுத்துவிடலாமே என்று சிலர் ஆலோசனை சொல்லக்கூடும். பையன் விளையாடும் கம்ப்யூட்டர் சொந்த உபயோகம். சட்டத்தின் 17-வது பிரிவு, வியாபாரத்துக்குப் பயன்படும் அளவுக்குத்தான் கிரெடிட் என்று சொல்லிவிட்டது. மளிகைக் கடைக் கணக்கில் கிராபிக்ஸ் கார்டு இருப்பதைப் பார்த்தால் எந்த அதிகாரியும் கேள்வி கேட்பார். எடுத்த கிரெடிட்டை வட்டியோடு கட்ட வேண்டிவரும். கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அது மெதுவாக ஓடினால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். சொற்பச் செலவில் வித்தியாசம் தெரியும்.

நம் கருத்து

பிள்ளை கார்டு கேட்டால் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன ஆட்டம்? மானிட்டர் என்ன அளவு, எத்தனை ஹெர்ட்ஸ்? சோதனையில் முட்டியது யார்? மாற்றுவதற்கு எஸ்.எம்.பி.எஸ்., போர்டு உட்பட மொத்தம் எவ்வளவு? இந்த நான்குக்கும் ஒரு தாளில் பதில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எழுதிக் கொண்டுவந்தால், நம் வசதிக்கு உட்பட்ட தொகையைச் சந்தோஷமாகக் கொடுங்கள். வசதி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கடைக் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். கொள்முதல் என்றால் என்ன, முதல் எங்கே முடங்குகிறது என்பதை அறிவுரையாகச் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது. அவன் ஆசைப்படும் பொருளை வைத்துச் சொன்னால் ஏறும். அந்தத் தாளை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளை நாளைக்கு நம் கடைக்கு வந்தாலும் பிழைத்துக்கொள்வான், வேறு வேலைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வான். "விளையாட்டெல்லாம் வீண்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், கார்டு மட்டுமல்ல, பேச்சும் நின்றுபோகிறது. பிறகு கடையைப் பற்றிப் பேச அழைத்தாலும் அவன் வரமாட்டான்.

கம்ப்யூட்டர் சரக்கு விற்கும் வணிக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தேங்கிய சரக்கைத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி எல்லா வியாபாரத்திலும் உண்டு. நமக்கும் உண்டு. ஆனால் வீட்டில் அம்மியோ மிக்ஸியோ இல்லாதவரிடம் முழு மல்லியைக் கட்டிக் கொடுத்துவிட்டு "இனி உங்கள் பாடு" என்று நாம் சொல்வதில்லை. உள்ளே என்ன பிராசஸர் என்று கேட்டு, "தம்பி, உனக்கு இந்தக் கார்டு இப்போது வேண்டாம், முதலில் அதை மாற்று" என்று சொல்லும் கடைக்காரர் அன்றைக்கு ஒரு விற்பனையை இழப்பார். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த பத்து வருடம் அவர்தான் கடை. வாடிக்கை என்பது அப்படித்தான் சேர்கிறது என்பதை நம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

பண்டிகைத் தள்ளுபடி வரும் நேரத்தில் வீட்டில் இந்தப் பேச்சு மறுபடியும் எழும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அடைத்த பிறகு, பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்து பாருங்கள்.